மாட்டு ஊசி, மருந்துச் சீட்டு, மருந்து எதிர்ப்பு: கடலூர், புதுச்சேரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருந்தாளுநர். கடலூர், புதுச்சேரி பக்கத்துச் சிற்றூர்களில் பல மருந்துக்கடைகளில் மனிதருக்கான மருந்தும் மாட்டுக்கான மருந்தும் ஒரே மேசையில்தான் விற்பனை ஆகின்றன. அந்த மேசைக்கு முன்னால் நின்று மாடு, ஆடு, கோழி, இறால் வளர்ப்பவர்கள் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகள் சக மருந்தாளுநர்கள் கேட்டவை.

மாட்டுக்குப் போடுகிற ஊசியால் மனிதருக்கு மருந்து வேலை செய்யாமல் போகுமா?

போகும். மாட்டுக்கும் நமக்கும் தருகிற ஆன்டிபயாட்டிக் மருந்துகள், அதாவது பாக்டீரியாக் கிருமிகளைக் கொல்கிற அல்லது தடுக்கிற மருந்துகள், பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பெனிசிலின், டெட்ராசைக்ளின், ஜென்டாமைசின், செஃப்ட்ரியாக்சோன் எல்லாம் இரண்டு பக்கமும் ஓடுகின்றன. மாட்டுக்கும் நாய்க்கும் போடுகிற என்ரோஃப்ளாக்சசின், உடம்புக்குள் போனதும் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறிவிடுகிறது. அதே சிப்ரோதான் நமக்குச் சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் எழுதித் தரப்படுகிறது.

மருந்தைத் தாங்கிப் பிழைத்த கிருமி பெருகும். இப்படிக் கிருமி மருந்தைத் தாங்குவதைத்தான் மருந்து எதிர்ப்பு என்கிறோம். அதோடு நிற்காது, தாங்கும் சக்தியைத் தருகிற மரபணுவைப் பக்கத்தில் இருக்கும் வேறு வகைக் கிருமிக்கும் கொடுத்துவிடும். குடலில் வாழும் ஈ.கோலை இதில் கைதேர்ந்தது. சாணம், கழிவுநீர், காய்ச்சாத பால், சரியாக வேகாத இறைச்சி, பால் கறப்பவரின் கை என்று அது ஊருக்குள் வரப் பல வழிகள் உண்டு.

கோலிஸ்டின் என்ற மருந்தைப் பாருங்கள். வேறு எதுவும் கேட்காத தொற்றுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசியாக எடுப்பது அது. அதையே கோழி வளர வேண்டும் என்று தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். கோலிஸ்டினைத் தோற்கடிக்கும், ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய மரபணுவை 2015ல் சீனாவில் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டுபிடித்தார்கள். 2019 ஜூலையில் இந்திய அரசு உணவுக்காக வளர்க்கும் விலங்கு, கோழி, மீன் வளர்ப்பு, தீவனம் எதிலும் கோலிஸ்டின் கூடாது என்று தடை செய்தது.

2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்து கேட்காத கிருமிகளால் நேரடியாக இறந்தவர்கள் உலக அளவில் சுமார் 12.7 லட்சம் பேர் என்பது மதிப்பீடு. நமக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. என்டிஎம்-1 என்ற எதிர்ப்பு மரபணு பற்றி 2010ல் வந்த பெரிய ஆய்வில் சென்னை நோயாளிகளின் மாதிரிகளும் இருந்தன. 2012ல் சென்னையில் மருத்துவர்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டதற்கு இந்தக் கவலைதான் பின்னணி.

அது மாட்டு டாக்டர் பார்க்க வேண்டிய வேலை. மருந்துக்கடைக்கு இதில் என்ன?

எனக்கு மிக முக்கியமாகப் படுகிற கேள்வி இதுதான்.

கால்நடை மருத்துவர் ஒரு நாளில் பல ஊர் சுற்றுகிறார். மாட்டைப் பார்க்கிறார், சீட்டு எழுதுகிறார், கிளம்பிவிடுகிறார். அந்தச் சீட்டில் ஐந்து நாள் மருந்து இருக்க, இரண்டு நாளைக்கு மட்டும் வாங்கிப் போனது அவருக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்து அதே சீட்டை அண்ணன் வீட்டு மாட்டுக்குக் காட்டி மருந்து கேட்டதும் தெரியாது. ஒரே தெருவில் நான்கு பேர் ஒரே வாரத்தில் மடிநோய்க்குக் காம்பு வழியாகச் செலுத்தும் மருந்து டியூப் வாங்கினால் அங்கே ஏதோ பரவுகிறது என்று முதலில் தெரிவது கடையில் நிற்பவருக்குத்தான். இன்னொரு பக்கம், மாட்டின் எடை என்ன, சினையா, கறவையா, பால் சொசைட்டிக்குப் போகிறதா, இதெல்லாம் கடையில் இருக்கும் எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது பாதி, எனக்குத் தெரிந்தது பாதி. நடுவில் ஒரு போன்தான் தேவை.

கடையை விட்டுவிட்டுப் போட்ட சட்டம் எப்படி ஓட்டை ஆகும் என்பதற்கு டைக்ளோஃபெனாக் நல்ல உதாரணம். இது வலி மருந்து, ஆன்டிபயாட்டிக் இல்லை. இந்த ஊசி போட்ட மாடு இறந்தால், அதைத் தின்கிற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் சாகின்றன என்று தெரிந்து 2006ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். ஆனால் மனிதருக்கென்று தயாரித்த பெரிய புட்டிகள் கடை வழியாக மாட்டுத் தொழுவத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. 2015ல் மனித ஊசிப் புட்டியின் அளவை 3 மில்லிக்குள் சுருக்கிய பிறகுதான் அந்த வழி அடைபடத் தொடங்கியது. ஆன்டிபயாட்டிக் விஷயத்திலும் மேசையைத் தாண்டித்தான் எல்லாம் போகிறது. புட்டியைச் சுருக்கி இதைச் சரிசெய்ய முடியாது. மேசையில் நிற்பவரும் சீட்டு எழுதுபவரும் பேசிக்கொள்ள வேண்டும்.

பக்கத்துக் கடையில் சீட்டு கேட்காமலே தருகிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

சட்டம் இரண்டு கடைக்கும் ஒன்றுதான். ஆன்டிபயாட்டிக்குகள் மருந்து விதிகளின் எச், எச்1 பட்டியல்களில் வருகின்றன. இவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. எச்1 பட்டியல் 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் உள்ள மருந்தை விற்றால் எழுதிய மருத்துவர், வாங்கியவர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மாட்டுக்கு அடிக்கடி போடுகிற செஃப்ட்ரியாக்சோன் இந்தப் பட்டியலில் இருக்கிறது.

சீட்டு எழுதுபவர் பதிவு பெற்ற கால்நடை மருத்துவராக இருக்க வேண்டும். ஊரில் ஊசி போடத் தெரிந்தவர் துண்டுத்தாளில் பெயர் எழுதிக் கொடுத்தால் அது சீட்டு ஆகாது. அவர் நல்லவராகவும் அனுபவம் உள்ளவராகவும் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கிருமி, எத்தனை நாள் என்று முடிவு செய்யும் படிப்பும் பொறுப்பும் மருத்துவருடையது.

ராத்திரி மாடு துடிக்கிறது, டாக்டர் வரக் காலை ஆகும். அப்போதும் சீட்டு வேண்டுமா?

உங்கள் கவலை புரிகிறது. ஒரு கறவை மாடுதான் பல வீடுகளுக்கு மாதச் சம்பளம். முதலில், தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற இலவச எண் இருக்கிறது, அதை அழையுங்கள். அடுத்து, உங்கள் பகுதி கால்நடை மருத்துவரை நான் இங்கிருந்தே போனில் பிடிக்கப் பார்க்கிறேன். அவர் உங்களிடம் நேராகப் பேசட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரவில் வருகிற அவசரம் பலவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் தேவையே இல்லை. வயிறு உப்புசம், கன்று போட்டதும் சுண்ணாம்புச் சத்து குறைந்து மாடு படுத்துவிடுவது, கன்று போட முடியாமல் திணறுவது, இவை எதற்கும் அது மருந்து ஆகாது. அந்த ஊசியைப் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருந்தால் மாடு போய்விடும்.

வீட்டில் இருக்கும் மனித மாத்திரையைப் பொடி பண்ணிக் கொடுக்கலாமா?

கூடாது. மாடும் ஆடும் அசைபோடுகிற பிராணிகள். தின்ற வைக்கோலைச் செரிக்க வைப்பதே முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள்தான். வளர்ந்த மாட்டுக்கு வாய் வழியாக ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அந்த நுண்ணுயிர்கள் அழிந்து, மாடு தீனி எடுக்காமல் போய்விடும். முயலுக்கு அமாக்ஸிசிலின் கொடுத்தால் குடல் கெட்டு உயிரே போகலாம். பூனைக்குப் பாராசிட்டமால் விஷம். நாய்க்கு ஐபுபுரூஃபன் ஆபத்து. செல்லப்பிராணி வைத்திருப்பவர்கள் கடைசி இரண்டையும் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

இதேபோல் மாட்டு மருந்தை மனிதர் எடுத்துக்கொள்வதும் கூடாது. மாட்டின் தலை படமும் 'விலங்கு சிகிச்சைக்கு மட்டும்' என்ற வரியும் புட்டியில் இருக்கும். பார்த்து வாங்குங்கள்.

மடிநோய்க்கு எடுத்ததும் டியூப் போடுவது சரியா?

கறவை வைத்திருப்பவர்களிடம் நான் ஆன்டிபயாட்டிக் விற்க நேர்வதற்குப் பெரிய காரணம் மடிநோய்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மடி வீங்கி, பால் திரிந்து வந்தால் உங்களுக்கே தெரியும். அதற்கு முந்தைய நிலையில் பால் பார்க்க நன்றாகவே இருக்கும், அளவு மட்டும் குறையும். நான்கு காம்பிலும் தனித்தனியாகப் பால் எடுத்து ஒரு திரவம் கலந்து பார்க்கும் எளிய சோதனை இருக்கிறது. நோய் இருந்தால் பால் கூழாகக் கெட்டியாகும். கால்நடை மருத்துவமனையில் நிமிடங்களில் முடிந்துவிடும். வீட்டில் செய்யக்கூடியது, முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுத் திரி இருக்கிறதா என்று பார்ப்பது.

ஒரு தடவை டியூப் போட்டு நோய் போகவில்லை என்றால் அடுத்த பிராண்டு டியூபுக்குத் தாவாதீர்கள். மருத்துவரிடம் கல்ச்சர் டெஸ்ட் கேளுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அதில் தெரியும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். புதுச்சேரி பக்கம் இருப்பவர்கள் குருமாம்பேட்டில் உள்ள ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் மாதிரியை எப்படிக் கொடுப்பது என்று மருத்துவரிடம் விசாரித்துக்கொள்ளலாம். மாதிரி எடுப்பதற்கு முன் காம்பை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் சில பீச்சுகளை விட்டுவிட்டு, சுத்தமான குப்பியில் பிடித்து, ஐஸ் வைத்துக் கொண்டுபோக வேண்டும். வேண்டிய குப்பியைக் கடையிலேயே வைத்திருப்பது மருந்தாளுநர் எளிதாகச் செய்யக்கூடிய உதவி.

டியூப் போடுகிற முடிவு மருத்துவருடையது. போடத் தொடங்கினால் அவர் சொன்ன நாள் வரை போட வேண்டும். வீக்கம் வடிந்ததும் நிறுத்துகிறவர்கள் நிறைய பேர்.

கற்றாழை வைத்தியம் பற்றியும் கேட்கிறார்கள். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, மடியைக் கழுவித் துடைத்து, நாளில் பல தடவை பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தேசியப் பால்வள வாரியமும் பரவலாக்கியிருக்கின்றன. தொடக்க நிலையில் அதைச் செய்வதை நான் வரவேற்கிறேன். ஆனால் மாட்டுக்குக் காய்ச்சல், தீனி எடுக்காமை, பாலில் ரத்தம் இருந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

வராமல் தடுப்பது இன்னும் எளிது. கறந்து முடித்ததும் காம்பின் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை மாடு படுக்காமல் இருக்கப் புல்லைப் போடுங்கள். காம்பைக் கிருமிநாசினியில் முக்குவதும் நல்லது.

ஊசி போட்ட மாட்டுப் பாலைக் காய்ச்சினால் மருந்து போய்விடாதா?

போகாது. காய்ச்சினால் கிருமி சாகும். மருந்தின் மிச்சம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அந்தப் பாலை உறை ஊற்றினால் சரியாகத் தயிர் ஆகாது, ஏனென்றால் உறையில் உள்ள நல்ல கிருமிகளையும் மருந்து தடுத்துவிடுகிறது.

ஒவ்வொரு கால்நடை மருந்தின் லேபிளிலும் விலக்குக் காலம் என்று ஒன்று போட்டிருக்க வேண்டும். கடைசி ஊசியிலிருந்து எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது, எத்தனை நாள் அறுக்கக் கூடாது என்ற கணக்கு அது. சோதித்து நிர்ணயித்த நாள் இல்லாத மருந்துக்கு விதியே ஒரு குறைந்தபட்சம் வைத்திருக்கிறது. பாலுக்கும் முட்டைக்கும் 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். அந்த நாட்களின் பாலைக் கன்றுக்கும் ஊட்ட வேண்டாம். கன்றின் குடலில் உள்ள கிருமிகள் அதைக் குடித்தே எதிர்ப்புக்குப் பழகும்.

ஏழு நாள் பாலைக் கொட்டுவது சாதாரண நஷ்டம் இல்லை, எனக்குத் தெரியும். அதனால்தான் சீட்டு எழுதும்போதே, 'விலக்குக் காலம் குறைவான மருந்து இருக்கிறதா?' என்று மருத்துவரைக் கேளுங்கள் என்கிறேன். பல சமயம் இருக்கும்.

கோமாரிக்கும் தோல் கழலைக்கும் ஊசி கேட்டால் ஏன் தயங்குகிறீர்கள்?

இரண்டும் வைரஸ் நோய். ஆட்டுக்கொல்லியும் கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சலும் அப்படித்தான். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. புண்ணில் வேறு கிருமி சேர்ந்தால் மருத்துவர் எழுதுவார், அது வேறு விஷயம். தடுப்பூசி முகாம் வரும்போது ஆட்டையும் மாட்டையும் தவறாமல் ஓட்டிக்கொண்டு போங்கள்.

கோழிக்குத் தண்ணீரில் கலந்து கொடுப்பதில் என்ன தவறு? நோய் வராமல் இருக்கத்தானே?

நோய் இல்லாத ஆயிரம் கோழிக்குக் குறைந்த அளவில் மருந்து கொடுப்பதுதான் எதிர்ப்பு உருவாக மிகவும் தோதான ஏற்பாடு. நோயுற்ற கோழி தண்ணீரும் குறைவாகவே குடிக்கும் என்பதால் அதற்குப் போதிய மருந்து போய்ச் சேராது. கொட்டகைக் காற்றோட்டம், உலர்ந்த கூளம், சுத்தமான தண்ணீர், தடுப்பூசி, இவற்றில் போடுகிற பணம் வீணாகாது. கோழி எருவை நேராக வயலில் கொட்டாமல் நன்றாக மக்க வைத்துப் போடுங்கள்.

பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கம் இறால் குட்டைக்கு மருந்து கேட்டு வருகிறார்களே?

வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, குட்டையில் என்ன பார்த்தீர்கள் என்று. வெள்ளைப்புள்ளி நோய் என்றால் அது வைரஸ். வளர்ச்சி நின்று இறால் சிறுத்துப் போகிறது என்றால் ஈஹெச்பி என்ற நுண்ணிய ஒட்டுண்ணியாக இருக்கலாம். இரண்டுக்கும் ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. குளோரம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் வகைகள் இறால் வளர்ப்பில் அடியோடு தடை. ஏற்றுமதிச் சரக்கில் அதன் தடயம் தெரிந்தால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும். குட்டையில் கொட்டிய மருந்து வடிகால் வழியாக வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் பிச்சாவரம் உப்பங்கழிக்கும் போகிறது. அங்கே வலை வீசுகிறவர்கள் பிடிக்கிற மீனில் அது இருக்கும்.

மீனுக்கு விலக்குக் காலத்தை நாளாகச் சொல்லாமல் 500 டிகிரி நாள் என்று விதி சொல்கிறது. தண்ணீர் வெப்பம் சராசரி 28 டிகிரி என்றால் 500ஐ 28ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 18 நாள் வரும். மீன் வளர்ப்பவர்களில் இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் குறைவு.

கடலூரில் தராவிட்டால் புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் பாகூரில் வாங்கிக்கொள்கிறார்கள். அப்புறம் என்ன பயன்?

உண்மைதான். நம் பகுதியின் தனிச் சிக்கல் இது. புதுச்சேரி நிலம் தொடர்ச்சியாக இல்லை. எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் ஒரு அரசு, கொஞ்ச தூரம் போனால் மறுபடி இன்னொரு அரசு. மருந்துச் சட்டம் மத்திய அரசினுடையது, இரண்டு பக்கமும் ஒன்றே. ஆய்வு செய்யும் துறைகள்தான் வேறு. மருத்துவரும் அந்தந்த எல்லையோடு நின்றுவிடுகிறார். மாட்டுச் சந்தைக்கு மட்டும் எல்லை இல்லை.

இதற்கு அரசு உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. பாகூர், நெட்டப்பாக்கம், நெல்லிக்குப்பம், கடலூர் பக்கத்துக் கடைக்காரர்களும் கால்நடை மருத்துவர்களும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்தால், இங்கே மறுத்தது அங்கே கிடைப்பது பெருமளவு நிற்கும். நோயாளி பெயரையோ விவசாயி பெயரையோ அதில் போடக் கூடாது. எந்த ஊர், எந்த நோய், எந்த மருந்து பலன் தரவில்லை என்பது மட்டும் போதும்.

நான் மருந்தாளுநர். மருத்துவரிடம் கேள்வி கேட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

'ஏன் இதை எழுதினீர்கள்?' என்று தொடங்கினால் யாருக்கும் கோபம் வரும். 'டாக்டர், ஒரு சந்தேகம்' என்று தொடங்குங்கள். நான் அதிகம் கேட்பது ஆக்ஸிடெட்ராசைக்ளின் பற்றி. ஒரு மில்லியில் 50 மில்லிகிராம் உள்ள சாதா வகையும் 200 மில்லிகிராம் உள்ள நீடித்த வகையும் பெயரளவில் ஒன்றுதான். அதே மில்லி அளவில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்தால் அளவு நான்கு மடங்கு மாறும். எத்தனை நாளுக்கு ஒரு ஊசி என்பதும் விலக்குக் காலமும் சேர்ந்து மாறும். சீட்டில் வெறும் பெயர் மட்டும் இருந்தால் கேட்டே ஆக வேண்டும். கேட்டதற்காக எந்த மருத்துவரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை.

சீட்டில் என்ன விலங்கு, எடை, எத்தனை நாள், விலக்குக் காலம் நான்கும் எழுதித் தரும்படி மருத்துவர்களிடம் கேளுங்கள். பதிலுக்கு நாம் செய்ய வேண்டியது, முழு மருந்தும் வாங்காதவர்கள், மருந்து கேட்கவில்லை என்று திரும்பி வந்தவர்கள், புட்டியைக் குளிர்ப்பெட்டியில் வைக்காதவர்கள் பற்றி அவருக்குச் சொல்வது. மருந்து பலிக்காததற்குக் காரணம் எதிர்ப்புதானா, அல்லது அளவு குறைந்ததா, மருந்து கெட்டதா என்று அவர் பிரித்துப் பார்க்க இந்தத் தகவல்தான் உதவும்.

மீதமான மருந்தை என்ன செய்வது?

அடுத்த மாட்டுக்கு எடுத்து வைக்காதீர்கள். சாக்கடையிலும் குட்டையிலும் ஊற்றாதீர்கள். ஊசியும் புட்டியும் கால்நடை மருத்துவமனைக்கே போகட்டும். அங்கே மருத்துவக் கழிவோடு சேர்த்து அனுப்புவார்கள்.

கடைக்கு வரும்போது எதைக் கொண்டுவர வேண்டும்?

இந்த வாரம் எழுதிய சீட்டு, முன்பு போட்ட மருந்தின் காலிப் புட்டி அல்லது அதன் போட்டோ. 'சிவப்பு மூடி போட்ட ஊசி' என்று சொன்னால் என்னால் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் மாட்டின் எடை. எடை மேடை இல்லையென்றால் தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். தோள்முனையிலிருந்து பின்பக்க இடுப்பெலும்பு முனை வரை உள்ள நீளத்தையும் அங்குலத்தில் அளந்து பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை வரும். சுற்றளவு 64, நீளம் 54 என்றால் ஏறத்தாழ 335 கிலோ. கண்ணால் பார்த்து 250 என்று சொல்லிவிட்டால் மருந்து கால் பங்கு குறைந்துவிடும். டேப் இல்லாதவர்கள் கடையில் கேளுங்கள், தருகிறேன்.